பாலக்கரை காட்டிய கிராக்கோவ்

பாலக்கரையைப் போல வழி தவறுகிறவன் இந்தப் பூமியில் இன்னொருவன் இல்லை. வழி தவறிய பிறகு அவனுக்குக் கிடைக்கிற மரியாதை, சரியான வழியில் போன யாருக்கும் கிடைத்ததில்லை. நான் சினிமா நடிகர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. எனக்கென்று இருந்த பொறாமை மொத்தத்தையும் இவன் ஒருவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாலக்கரை என்பது உண்மையில் ஒரு இடத்தின் பெயர். விருத்தாசலத்துக்குப் பஸ்ஸில் வருகிற பாதிப் பேர் அங்கேதான் இறங்குவார்கள். யார் எந்த ஊருக்கு வழி கேட்டாலும் இவன் அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பான், அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை நாங்கள் வேப்பூர் ஹைவேயில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி டிரைவர் திருச்சிக்கு வழி கேட்டார். லாரி நின்றிருந்ததே திருச்சி ரோட்டில்தான். நேராகப் போனால் போதும். இவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல விருத்தாசலம் போயி பாலக்கரையில நின்னுக்குங்க" என்று ஆரம்பித்தான். டிரைவர் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டு முடித்து எங்கள் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. நான் சரியான வழியைச் சொல்லியிருக்கிறேன், பல பேருக்கு.

எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் மின்கம்பத்தில் வைக்கிற வெள்ளைக் குமிழும் செய்கிற ஊர். நாங்கள் இருவரும் அந்தத் தொழிலிலேயே டிப்ளமோ முடித்தோம். சில வருடங்கள் கழித்து இருவருக்கும் போலந்தில் ஒரு சின்ன ஊரில் டைல்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. ஒரே ஹாஸ்டல், ஒரே அறை.

போவதற்கு முன் நான் ஆறேழு மாதம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போலிஷ் மொழி படித்தேன். அவன் படிக்கவில்லை. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, சிரிக்காத முகம். முதல் நாள் நான் அவர் எதிரில் போய் நின்று, "ஜெய்ன் டோப்ரி" என்று வணக்கம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யெஸ்? வாட் ப்ராப்ளம்?" என்றார். பின்னால் வந்த பாலக்கரை சூப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "அம்மா, அடியில இருக்கறதா பாத்து ஊத்துங்க, மேல வெறும் தண்ணியா இருக்குது" என்றான். அந்த அம்மாள் கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கலக்கி ஊற்றினார்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவர் அவனுக்கு ஒரு குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் தன் கையாலேயே பின்னிக் கொடுத்தார். எனக்கு ரூமை ஒழுங்காகப் பெருக்கும்படி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினார். போலிஷில்தான் எழுதியிருந்தார். அதைப் படிக்க முடிந்ததுதான் நான் படித்த படிப்பின் பலன்.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து என் அம்மா போன் செய்தார். திட்டக்குடிப் பெண் ஒன்று போலந்திலேயே கிராக்கோவ் என்கிற ஊரில் உணவுத் தொழில்நுட்பம் மேல்படிப்பு படிக்கிறதாம். பெயர் யமுனா. ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற அதன் அத்தை அம்மாவுக்குத் தெரிந்தவர். ஜாதகம் பொருந்தியிருக்கிறது. "ஒரு தடவ நேர்ல போயி பாத்துட்டு வந்துரு தம்பி. ரெண்டு பேருக்கும் புடிச்சா மேல பேசலாம்."

நம்பர் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஊரின் நடுவில் இருக்கிற பெரிய சதுக்கத்தில், உயரமான கோபுரத்துக்குக் கீழே சந்திக்கலாம் என்று யமுனா செய்தி அனுப்பியிருந்தாள். மதியம் அவளுக்கு ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை, அதற்குள் வந்துவிட வேண்டும் என்றும் சேர்த்திருந்தாள். நான் புதிதாகக் கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கினேன். என்ன பேச வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன். பாலக்கரையிடம் மூச்சு விடவில்லை. நான் போய் நிற்கிற எந்த இடத்திலும் இவன் வந்து நின்றால் நான் தெரியவே மாட்டேன் என்பது எனக்கு அனுபவம்.

வெள்ளிக்கிழமை அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கடா கெளம்புற?"

"பொண்ணு பாக்க. உங்கம்மா போன் பண்ணாங்க. அவன் தனியாப் போனா வாயத் தொறக்க மாட்டான், நீயும் கூடப் போ கண்ணுன்னாங்க."

என் அம்மா என்னை ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

காலை ரயிலில் கிளம்பினோம். அம்மா முன்பு யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்த முந்திரிப் பருப்புப் பொட்டலத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டேன். பெட்டியில் ஹீட்டர் சூடு அதிகம். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். கிராக்கோவ் என்று தொடங்குகிற பெயர்ப்பலகை ஒன்று ஜன்னலில் தெரிந்ததும் பாலக்கரை துள்ளி எழுந்தான்.

"எறங்கு மச்சான், வந்துருச்சு."

"இது மெயின் ஸ்டேஷன் இல்லடா. பேரோட இன்னொரு பேரும் சேந்து இருக்குது பாரு."

"எந்த ஊர்லயும் ஜங்ஷன் ஊருக்கு வெளியதான் இருக்கும். நம்ம ஊர்ல இல்ல? இங்க எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சா நேரா பாலக்கரை."

சொல்லிக்கொண்டே முந்திரிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பொட்டலம் போகிறதே என்று நானும் பின்னால் குதித்தேன். கதவு மூடியது. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் கறுப்புக் கோட்டு என்னைப் பார்த்துக்கொண்டே போனது. போன் அதன் உள் பையில் இருந்தது. யமுனாவின் நம்பர் போனில் இருந்தது.

நான் மெல்லிய நீலச் சட்டையோடு அந்தக் குளிரில் நின்றேன். பாலக்கரை மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். ஹாஸ்டல் அம்மாள் பின்னியது. மஞ்சள் நிறம், நெஞ்சில் பெரிய வாத்து. அவனுக்கு உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. அது அடக்கமான சாம்பல் நிறம்.

"அத நீ எனக்குக் குடுத்தா என்ன?"

"அது எனக்கு ராசி மச்சான்."

ஆட்டோ இல்லை, டிராம்தான் இருந்தது. மெஷினில் டிக்கெட் எடுத்து ஏறினோம். உள்ளே ஏறியதும் டிக்கெட்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இது எனக்குத் தெரியும். நான்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேனே. ஆனால் கோட்டையும் யமுனாவையும் நினைத்துக்கொண்டிருந்ததில் சுத்தமாக மறந்துபோனேன். பாலக்கரைக்கு இது தெரியாது. மஞ்சளாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குள் எதையாவது விட்டால் என்ன ஆகும் பார்ப்போம் என்று டிக்கெட்டை விட்டுப் பார்த்திருக்கிறான்.

அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அவன் டிக்கெட் செல்லும். என் டிக்கெட் செல்லாது. நான் எனக்குத் தெரிந்த போலிஷ் முழுவதையும் கொட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராதச் சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார். அதற்குள் பாலக்கரை பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டிவிட்டான். "முந்திரி சார். எங்க ஊரு சரக்கு." அவர் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இறங்க வேண்டிய இடம் வருகிற வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் பேரக்குழந்தையின் படத்தைச் செல்போனில் காட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

டிராம் எங்களைத் தப்பான திசையில் ஒரு ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டது. பாலக்கரை ஆற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"கவலைய விடு. ஆறு இருந்தா கரையில கோயிலு இருக்கும். கோயிலச் சுத்தி தேரு ஓடற நாலு வீதி இருக்கும். நீ சொன்ன சதுக்கம் அதுதான்."

"இது நம்ம ஊரு மணிமுத்தாறு இல்லடா."

"எல்லாம் ஆறுதான மச்சான்."

கரையோரமாகவே நடந்தோம். கோயில் வரவில்லை, மலை மேல் ஒரு கோட்டை வந்தது. அதன் அடிவாரத்தில் நம் கோயில் தூண் யாளியை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு உலோக மிருகம் நின்றது. ஏன் இவ்வளவு பேர் கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நான் அதன் அருகில் போனேன். அது வாயைத் திறந்து நிஜ நெருப்பைக் கக்கியது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அப்படிக் கக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பின்பக்கமாகப் பாய்ந்து, முதல் நாள் மழையில் தேங்கியிருந்த சேற்றில் உட்கார்ந்தேன். சேறு நெஞ்சு வரை தெறித்து வாத்து பாதி மஞ்சள், பாதி கறுப்பு ஆனது.

எழுந்து பார்த்தால் பாலக்கரையைக் காணோம். புல்வெளியில் ஒரு கல்யாணக் கோஷ்டி படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இவன் நின்றுகொண்டிருந்தான். மாப்பிள்ளையின் தலையில் கை வைத்து, "பதினாறும் பெத்து நல்லா இருங்க" என்றான். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு காகிதத் தட்டில் கேக்கும், கையில் ஒரு சின்னப் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். அவன் கேக்கைத் தின்றுகொண்டே வந்து, பூங்கொத்தை என்னிடம் நீட்டினான்.

"இந்தா, பொண்ணுக்கு நீ குடு. சும்மாவா போயி நிக்கறது?"

நான் வாங்கிக்கொண்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக வழி விசாரித்து, நானே விசாரித்து, சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கோபுரத்துக்குக் கீழே புறாக்கள்தான் இருந்தன. யமுனா வந்து, காத்திருந்து, போன் செய்து பார்த்து, கிளம்பிப் போயிருப்பாள். எந்தப் பேக்கரி என்று தெரியாது. அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு பெண்ணைக் காக்க வைத்துவிட்டு வராமல் இருந்தவன். என் கல்யாணம் என்கிற விஷயம் அந்தச் சதுக்கத்திலேயே முடிந்துவிட்டது என்று அங்கிருந்த ஒரு கல்படியில் உட்கார்ந்தேன்.

பாலக்கரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் போனை எடுத்து என் அம்மாவைக் கூப்பிட்டான்.

"பெரிம்மா, கோட்டு ரயில்ல போயிருச்சு. அவன் போனும் அதுலயே போயிருச்சு. பாவம், கீழ வேற வுழுந்துட்டான். அந்தப் பொண்ணுகிட்ட எப்புடியாவது சொல்லுங்க. நாங்க டவருகிட்டதான் இருக்கோம்."

என் அம்மா விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் அத்தைக்குப் போன் செய்தார். அத்தை திட்டக்குடியில் யமுனாவின் அம்மாவுக்குச் செய்தார். அவர் கிராக்கோவில் எங்களுக்கு நாலு தெரு தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்த யமுனாவுக்குச் செய்தார். செய்தி கடலைத் தாண்டிப் போய் மறுபடி கடலைத் தாண்டி வருவதற்குள் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. யமுனாவுக்குக் கடைசியாகக் கிடைத்தது இதுதான்: மாப்பிள்ளை ரயிலிலிருந்து விழுந்துவிட்டார், டவர் பக்கத்தில் கிடக்கிறார், கூட ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான்.

பேக்கரி ஏப்ரனோடு, முழங்கை வரை மாவோடு ஒரு பெண் சதுக்கத்தைக் குறுக்காக ஓடி வந்தாள். எங்கள் எதிரில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எங்க அடிபட்டிருக்குது? ஆம்புலன்ஸ் கூப்ட்டீங்களா?"

நான் எழுந்து நின்றேன். சேறு, வாத்து, பூங்கொத்து. கண்ணாடி முன் பழகிய பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பாலக்கரைதான் பேசினான். "அடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கோட்டுதான் போயிருச்சு. இவரு யாளிய மொறச்சாரு, அது திருப்பி மொறச்சுது. அவ்ளோதான்."

யமுனா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் அந்தக் கல்படியிலேயே உட்கார்ந்து, மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்த சிரிப்புகளிலேயே அதுதான் அழகு. அது எனக்காக வந்ததல்ல என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது.

"நீங்கதான் மாப்பிள்ளையா?" என்றாள், அவனைப் பார்த்து.

"ஐயோ, நான் வழி காட்ட வந்தவன்ங்க. மாப்பிள்ளை வாத்து போட்டிருக்காரு பாருங்க, அவரு." மிச்சமிருந்த முந்திரியை அவள் கையில் கொடுத்தான். ஒரு கைப்பிடிதான் மிச்சம். "பேசிக்கிட்டு இருங்க. நான் பெரிய ஸ்டேஷனுக்குப் போயி கோட்டக் கேட்டுட்டு வந்துர்றேன்."

ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த் திசையில் விறுவிறுவென்று நடந்து கூட்டத்தில் மறைந்தான்.

யமுனா பேக்கரிக்காரரிடம் போனில் சொல்லி லீவு வாங்கினாள். உட்கார்ந்தோம். "உங்க ஃப்ரெண்டு எப்பவும் இப்புடித்தானா?" என்று கேட்டாள். நான் எரிச்சலோடு வேப்பூர் லாரி டிரைவரின் கதையைச் சொன்னேன். சிரித்தாள். அவனைக் குறை சொல்லத்தான் ஹாஸ்டல் சூப்பின் கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள். அவனைத் திட்டத் திட்ட அவளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டு வந்தது. இதைவிட அவமானமான முறையில் எந்த ஆணும் ஒரு பெண்ணின் மனதில் இடம் பிடித்திருக்க மாட்டான்.

வெகுநேரமாகியும் அவன் வரவில்லை. யமுனாவின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது.

"தொலைஞ்சிட்டாரோ?"

"தொலையறது அவன் தொழிலு. வாங்க, தேடலாம்."

தேடினோம். பூ விற்கிற இடத்தில் தேடினோம். தேவாலயங்களுக்குள் தேடினோம். எங்கெங்கே கூட்டமாக நின்று சிரித்தார்களோ அங்கெல்லாம் போய் எட்டிப் பார்த்தோம். நடந்துகொண்டே அவள் தன் படிப்பைப் பற்றிச் சொன்னாள். வந்த புதிதில் தனியாக அழுத நாட்களைப் பற்றிச் சொன்னாள். ஊருக்குத் திரும்பி சொந்தமாக ஒரு பேக்கரி வைக்க ஆசை, வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை என்றாள். எனக்கும் அங்கே பிடிக்கவில்லை, ஊருக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். நானும் அதை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

கடைசியில் பெரிய ஸ்டேஷனில்தான் கிடைத்தான். தொலைந்த பொருட்களுக்கான அறையில், அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்மணிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தான். என் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். ரயிலைச் சுத்தம் செய்தவர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போனும் பத்திரமாக இருந்தது.

யமுனா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோட்டு அண்ணனுக்குத்தான் எடுப்பா இருக்குது" என்றாள். அண்ணன் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று நடந்த எல்லாவற்றையும் மன்னித்தேன். ஹாஸ்டலுக்குத் திரும்புகிற வரை மன்னித்திருந்தேன். திரும்பியதும் அந்த அம்மாள், ஸ்வெட்டரைச் சேறாக்கியது நான்தான் என்று கண்டுபிடித்து என்னையே துவைக்க வைத்தார்.

அவன் வேண்டுமென்றேதான் எங்களைத் தனியாக விட்டுவிட்டுக் காணாமல் போனான் என்பது யமுனாவின் கட்சி. உண்மையாகவே வழி தவறிப் போனான் என்பது என் கட்சி. இதற்காக நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் என் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுவது அந்தக் கல்யாணத்தையேதான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தாலி கட்டினேன். பெண் முதல் நாளே வந்துவிட்டாள். திட்டக்குடியிலிருந்து அவள் சொந்தக்காரர்கள் வந்த வேனுக்கு வழி காட்ட பாலக்கரை ஏறிக்கொண்டான். வேன் ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டது. தாலி கட்டி, சாப்பாடும் பாதி முடிந்த பிறகு வந்து இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. "தம்பி புண்ணியத்துல பூவராகசாமியப் பாத்துட்டு வந்தோம்" என்று யமுனாவின் பெரியப்பா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளையான என்னிடம் அவர், "மோர் எங்க ஊத்தறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். நான் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். யமுனா பேக்கரி வைத்திருக்கிறாள். பாலக்கரை இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். போனை முதலில் யமுனா எடுப்பாள், பிறகு எங்கள் மகள் பிடுங்கிக்கொள்வாள், பிறகு என் அம்மா "கண்ணு, சாப்ட்டியா?" என்பார். என் முறை வருகிறபோது அவனுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். "அப்புறம் மச்சான்" என்று வைத்துவிடுவான். என் முகத்தைச் சரியாகப் பார்த்துக்கூட இருக்க மாட்டான்.

இன்று அவன் லீவில் வருகிறான். வீட்டில் காலையிலிருந்து அமர்க்களம். யமுனா அவனுக்கென்று தனியாக கேக் செய்திருக்கிறாள். மகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கோழி வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பியிருக்கிறார். ரயில் எத்தனை மணிக்கு என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். சாயங்காலம்தான் வருகிறது, அப்போது எல்லோருமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் வேலை இருப்பதாகக் கிளம்பினேன்.

இதை விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ரயில் மதியமே வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்த ஒரு தடவையாவது அவனை முதலில் நான் பார்க்க வேண்டும்.